பதம் பார்த்தல்

பராமட்டா, சர்ச் தெரு, ஆறாவது மாடி.
ஒரு பருக்கையை விரலால் நசுக்கி
பானை வெந்ததா என்று சொல்லும் வேலை எனக்கு.
பதினேழு வருடம்.
விரல் சுட்டதெல்லாம் முதல் இரண்டு வருடங்களில்தான்.

கீழே குப்பைத்தொட்டியைக் கிளறுகிறது
ஒரு வெள்ளை அரிவாள்மூக்கன்.
ஒரு விண்ணப்பத்துக்கு நான் தரும் நேரத்தைவிட
ஒரு ரொட்டி உறைக்கு அது தரும் நேரம் அதிகம்.

நேர்காணல் என் அறையில் தொடங்குவதாக
வருகிறவர்கள் நினைக்கிறார்கள்.
வரவேற்பு மேசையில் லேனியிடமே
பாதி முடிந்துவிடும்.
கையெழுத்துப் போட வாங்கிய பேனாவைத்
திருப்பிக் கொடுத்தாரா,
அவள் கண்ணைப் பார்த்தாரா,
தண்ணீர் குடித்த கோப்பையை என்ன செய்தார்.
மதியம் லேனி தலையை இப்படியோ அப்படியோ ஆட்டுவாள்.
கோட்டு சூட்டில் வந்த எத்தனையோ பேர்
அந்த ஆட்டலில் விழுந்திருக்கிறார்கள்.

சோதிலிங்கம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்.
பேனா, கோப்பை;
உட்கார்ந்த நாற்காலியைக்கூட
மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.
இருபத்திரண்டு வருடம் பாலம் கட்டியவர்.
"உள்ளூர் அனுபவம்?" என்று கேட்டார் கிரெய்க்.
ஆறு இங்கே வேறு மாதிரி ஓடுமா என்று
நான் கேட்கவில்லை.
"நல்ல மனிதர். ஆனால் எங்கள் குழுவோடு ஒட்ட மாட்டார்."
ஒட்டுவதற்கு அவர் என்ன தபால்தலையா
என்றும் கேட்கவில்லை.
வருடத்துக்கு ஒன்பது பேரை எடுப்பவர் கிரெய்க்.
என் வீட்டுக் கடனில் ஓர் அறை அவருடையது.

நான் அனுப்பும் கடிதத்தில்
"இம்முறை" என்று ஒரு சொல் இருக்கும்.
எல்லோருக்கும் போகும் ஒரே கடிதம்.
அந்தச் சொல்லால் கதவைக் கொஞ்சம்
திறந்து வைத்ததாக எனக்கொரு நிம்மதி.
சோதிலிங்கம் பதில் எழுதினார்:
நன்றி. அடுத்த முறை எப்போது?

மங்கையற்கரசியின் தாளில்
இரண்டாயிரத்துப் பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
ஒன்றுமில்லை.
நான் வாயைத் திறக்கும் முன் சொன்னாள்:
"அந்த மூணு வருஷம் நான் செஞ்ச வேலைக்குச்
சம்பளச் சீட்டு கிடையாது மேடம்.
முழுக்க நைட் ஷிப்ட். லீவே இல்ல."
அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
ஒரு மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள்.
விருந்துகளில் நான் சொல்லிக்கொள்ளும் கதை இது.
இப்படி ஒன்று கையில் இருந்தால்
நாற்பதை மறக்கலாம்.

பழைய முதலாளிகளிடம் தொலைபேசியில் விசாரிப்பது தனி வித்தை.
யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள், வக்கீல் பயம்.
"அவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?"
உடனே ஆம் என்றால் ஆம்.
ஒரு நொடி, யோசிக்கிறார்.
இரண்டு, ஏதோ நடந்திருக்கிறது.
நான்கு என்றால் பேனாவை மூடிவிடலாம்.
அதன்பின் "நேரத்துக்கு வருவார்" என்றொரு பாராட்டு வரும்.
சாப்பாட்டு நேரத்துக்குக் காக்கைகூட வரும்.

நேற்று மாலை அந்தக் கேள்வி எனக்கு வந்தது,
அன்னலீஸைப் பற்றி.
என் பக்கத்து மேசையில் ஐந்து வருடம்.
கெட்டிக்காரி. யார் பெயரையும் சுருக்காதவள்.
சோதிலிங்கம் என்று முழுதாகச் சொல்ல
கழிவறைக் கண்ணாடி முன் பழகியவள்.
ஒரே ஒரு முறை, ஒரு கூட்டத்தில்,
நான் சொன்ன சொல்லை என் உச்சரிப்பிலேயே
திருப்பிச் சொன்னாள்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

"மறுபடி எடுப்பீர்களா?"

ஜன்னலுக்கு வெளியே பூங்காவிலிருந்து
வௌவால்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.
எண்ணத் தொடங்கியவள் நானே.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் சொல்லியிருக்கலாம்,
ஆம் நாக்கில்தான் இருந்தது.

"நேரத்துக்கு வருவாள்."

அந்தப் பக்கம் விசைப்பலகை
சற்றே தட்டி நின்றது.
நான் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

வெஸ்ட்மீட்டில் இறங்கி
ரயில் அட்டைக்காகக் கைப்பையைத் துழாவினேன்.
அகப்பட்டது லேனியின் பேனா.